பழைய பொம்மரை (குண்டுவீச்சு விமானத்தை) எப்படிக் காத்து வைக்கிறார்கள்? வன்னிக்கு அப்படி ஒன்று வேண்டுமா?

முல்லைத்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர் கேட்டிருந்தார். அவருடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தி, கனடாவில் இருக்கும் மாமா அனுப்பிய படத்தைக் கொண்டுவந்து காட்டினாளாம். ஹமில்டன் விமான அருங்காட்சியகத்தில் பென்னம்பெரிய லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு முன்னால் மாமா குடும்பத்தோடு நின்று சிரிக்கிறார். பிள்ளை கேட்ட கேள்வி இரண்டு. எண்பது வருசத்து விமானம் எப்படிப் புதுசு போல மினுங்குது? குண்டு போட்ட பிளேனுக்கு முன்னால நின்று ஏன் சிரிக்கினம்? ரீச்சர் தன் பங்குக்கு மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கிறார்: இப்படி ஒன்றை வன்னியில் வைக்கலாமா?

நான் ஒன்ராறியோவில் கனகாலம் விமானத் தகட்டு வேலை செய்தவன். லீவு நாட்களில் ஓர் அருங்காட்சியகப் பட்டறையில் சம்பளமில்லாமலும் வேலை செய்திருக்கிறேன். இப்போது இருப்பது வவுனியாவில். முதல் கேள்வி எனக்குச் சுகமானது, அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படத்தில் நிற்கும் விமானத்தின் கதையைச் சொன்னாலே பாதி விளங்கிவிடும். லங்காஸ்டர்கள் மொத்தம் 7,377 கட்டப்பட்டன. அவற்றில் 430 ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மோல்ற்றன் என்ற இடத்தில் கட்டியவை. இன்றைக்கு உலகத்தில் பறக்கிற நிலையில் இருப்பவை இரண்டே இரண்டு. ஒன்று இங்கிலாந்து விமானப்படையிடம், மற்றது மாமாவுக்குப் பின்னால் நிற்பது. அது 1945இல் கட்டி முடிந்தபோது ஐரோப்பாவில் சண்டை ஓய்ந்துவிட்டது. ஆகவே பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது, இந்த விமானம் யாருடைய ஊரிலும் குண்டு போட்டதில்லை என்பதுதான். கடலைக் கண்காணிக்கவும் காணாமற்போனவர்களைத் தேடவும் பறந்து, அறுபதுகளில் கோடெரிச் என்ற சிறு பட்டினத்தில் தூண்களின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டது. அங்கே மழையிலும் பனியிலும் நின்றதை 1977இல் ஹமில்டன்காரர் எடுத்து, பதினொரு வருடம் வேலை செய்து, 1988 செப்டெம்பர் 11ஆம் திகதி திரும்பப் பறக்கவிட்டார்கள்.

அதன் உடம்பில் எழுதியிருக்கும் எழுத்துகள் வேறொரு விமானத்தினுடையவை. 1944 ஜூன் மாதம் பிரான்சின் கம்ப்ரே நகரத்துக்கு மேலே அந்த மற்ற லங்காஸ்டர் தீப்பிடித்தபோது, வால்பக்கத் துப்பாக்கிக் கூண்டில் சிக்கிய தோழனை இழுத்தெடுக்க முயன்று, உடுப்பெல்லாம் எரிய எரியக் கீழே குதித்து உயிரைவிட்டவர் அன்ட்ரூ மைனார்ஸ்கி என்ற கனடியர். சிக்கியிருந்த தோழன் விழுந்து நொறுங்கிய விமானத்திலிருந்து உயிரோடு வெளியே வந்தார். மைனார்ஸ்கியின் நினைவாகத்தான் அந்த விமானத்தின் நிறத்தையும் எழுத்துகளையும் இதற்குப் பூசியிருக்கிறார்கள். இப்படி ஒன்றுக்கு இன்னொன்றின் வேசம் கட்டுவது அருங்காட்சியக உலகத்தில் சர்வசாதாரணம். பலகையில் நேர்மையாக எழுதிவிட்டால் பிழையில்லை என்பது என் கட்சி. ஆனால் மினுங்குகிற நிறத்தைப் பார்த்து 'இது அந்தக் காலத்து நிறம்' என்று எண்ணக்கூடாது. நிறம் போன வருசத்தினதாகக்கூட இருக்கலாம்.

நம்மவர்களுக்கு ஒரு சேதி. லங்காஸ்டரைக் கட்டிய கொம்பனியின் பெயர் அவ்ரோ. அதே கொம்பனி வடிவமைத்து 1960இல் முதன்முதல் பறக்கவிட்ட 748 என்ற பயணிகள் விமானத்தைத்தான் நாம் வெறுமனே 'அவ்ரோ' என்று அழைத்தோம். இலங்கை விமானப்படை அதைப் போரிலும் பறக்கவிட்டது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை.

சரி, உலோகத்துக்கு வருவோம். இரும்பைக் கடல் என்ன செய்யும் என்று முல்லைத்தீவு ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2006 கடைசியில் கரையொதுங்கிய ஜோர்தான் கப்பல் பரா 3 மணலிலேயே துருவேறி, பிறகு வெட்டப்பட்டுப் பழைய இரும்புக்குப் போனதைக் கண்ணால் கண்டவர்கள். விமானத் தகடு அலுமினியக் கலப்பு, சிவப்பாகத் துருப்பிடிக்காது. அதனால் அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாது என்று கனபேர் நினைக்கிறார்கள். அது கள்ளத்தனமாக உள்ளுக்குள்ளே சாகும்.

காரணம் இதுதான். சுத்த அலுமினியம் அரிப்புக்குத் தாக்குப்பிடிக்கும், ஆனால் பலமில்லை. செம்பு கலந்தால் பலம் வரும், அரிப்பும் கூடவே வரும். ஆகவே அந்தக் காலத்துக் கட்டுநர்கள் செம்பு கலந்த தகட்டின் இரண்டு பக்கத்திலும் சுத்த அலுமினியத்தை மெல்லிய போர்வையாக உருட்டி ஒட்டினார்கள். அந்தப் போர்வை இருக்கும்வரை தகடு பிழைக்கும். கீறல் விழுந்தாலோ, ஆர்வக்கோளாறில் யாராவது அளவுக்கு மிஞ்சித் தேய்த்து மினுக்கினாலோ போர்வை போய்விடும். பிறகு ஈரம் உள்ளே இறங்கும். உலோகத்தின் மணிகளுக்கு இடையே புகுந்து அரிக்கும்போது, தடித்த பாகங்கள் பொரித்த அப்பளம் போலப் பொருமி, படை படையாகக் கழன்று வரும். வெளியே நிறம் நன்றாகத்தான் இருக்கும். விரலால் அழுத்தினால் வெள்ளைப் பொடி உதிரும்.

இன்னொரு வில்லங்கம், அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடம். இரண்டுக்கும் நடுவில் உப்பீரம் இருந்தால் அங்கே சிறு மின்கலம் ஒன்று உருவாகி அலுமினியத்தைத் தின்னும். உருக்கு போல்ற்றைச் சுற்றி அலுமினியம் கரைந்து, போல்ற் மட்டும் தனியே துளையில் ஆடிக்கொண்டிருப்பதைப் பட்டறையில் கண்டிருக்கிறேன். ஆகவே பழைய விமானம் ஒன்றைச் சோதிப்பவன் நிறத்தைப் பார்க்க மாட்டான். இறக்கைக்குள் முதுகெலும்பு மாதிரிப் போகும் தாங்குசட்டத்தின் அடிப்பக்கம், தண்ணீர் வடிகிற சிறு ஓட்டைகள், ரிவெற் தலைகள், கழிவறைப் பக்கம், பற்றரி இருந்த தட்டு, இவற்றைத்தான் முதலில் பார்ப்பான். பற்றரி அமிலம் சிந்திய இடத்தில் தகடு சல்லடையாகியிருக்கும்.

வெளியில் நிறுத்துவது என்ன செய்யும் என்பதற்கு மிகப் பெயர்பெற்ற உதாரணம் ஹிரோஷிமாவில் 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அணுகுண்டு போட்ட பி-29, எனோலா கே. 1949இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். நிறுத்த இடமில்லை. 1953 கடைசியில் ஒரு விமானத்தளத்தில் வெட்டவெளியில் கொண்டுபோய் விட்டார்கள். மழை இறங்கியது. பறவைகள் உள்ளே கூடு கட்டின. வருகிறவர் போகிறவர் ஞாபகத்துக்கென்று துண்டு துண்டாகக் கழற்றிப் போனார்கள். 1960இல் பிரித்தெடுத்துக் களஞ்சியத்தில் அடைத்து, 1984 டிசெம்பரில்தான் திருத்த வேலை தொடங்கியது. முடிப்பதற்கு ஏறத்தாழ 3,00,000 மணித்தியால உழைப்பு போனது. ஏழு வருட அசட்டைக்குக் கொடுத்த விலை அது. மெம்பிஸ் பெல் என்ற பி-17 குண்டுவீச்சு விமானத்துக்கும் இதே கதிதான். மெம்பிஸ் நகரசபை 1946இல் வெறும் 350 டொலருக்கு வாங்கி, பல பத்தாண்டுகள் வெளியில் நிறுத்தி வைத்தது. கையில் அகப்பட்டதையெல்லாம் ஆட்கள் கொண்டுபோனார்கள். 2005இல் ஒஹாயோவின் டேற்றன் நகரிலுள்ள விமானப்படை அருங்காட்சியகம் பொறுப்பேற்று, 2018 மே மாதம் பார்வைக்கு வைத்தது.

ஆகவே முதல் விதி கூரை. இரண்டாவது விதியும் கூரைதான், ஆனால் அதற்குள் காற்று உலர்ந்திருக்க வேண்டும். ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே ஏற்ற இறக்கமில்லாமல் நின்றால் அரிப்பு ஏறக்குறைய உறங்கிவிடும். வெறும் தகரக் கொட்டகை இதற்கு உதவாது. பகலில் அடுப்பாகக் கொதித்து, விடியப்புறம் குளிர்ந்து, தகட்டின் உட்பக்கம் வேர்க்கும். அந்த வேர்வைதான் எமன்.

எஞ்சினுக்குத் தனி வைத்தியம். எண்ணெய், எரிபொருள் எல்லாம் வடித்துவிட்டு, உள்ளே அரிப்புத் தடுப்பு எண்ணெய் தெளிப்பார்கள். பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கண்ணாடி போன்ற ஒரு குழாயைத் திருகுவார்கள். குழாய் நிறைய நீலநிறச் சிலிக்காக் குறுணி. புதிய காமராப் பெட்டியிலும் சப்பாத்துப் பெட்டியிலும் வருகிற சிறு பையில் இருக்கும் அதே சாமான். ஈரத்தைக் குடிக்கக் குடிக்க நீலம் வெளிறி றோஸ் நிறமாகும். லங்காஸ்டரின் மேர்லின் எஞ்சின் ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு சிலிண்டர், எஞ்சின் நான்கு. காலையில் ரோர்ச் லைற்றோடு போய் எது நீலம், எது றோஸ் என்று பார்த்து, றோஸ் ஆனதைக் கழற்றி, சூட்டடுப்பில் காயவைத்து, நீலமானதும் திரும்பத் திருகுவது ஒரு வேலை. பார்வையாளர் ஒருவரும் இதைக் காண்பதில்லை. விமானத்தின் ஆயுள் அதில்தான் கிடக்கிறது.

டயர் அடுத்தது. பத்துப் பதினைந்து தொன் பாரம் ஒரே இடத்தில் வருடக்கணக்காக நின்றால் றப்பர் தட்டையாகி வெடிக்கும். நல்ல இடங்களில் விமானம் டயரில் நிற்பதாகத் தெரியும், உண்மையில் பாரத்தைத் தாங்குவது மறைவாகப் போட்ட உருக்குத் தாங்கிகள். துப்பாக்கிக் கூண்டின் கண்ணாடி கண்ணாடியே அல்ல, பேர்ஸ்பெக்ஸ். வெயில் பட்டால் மஞ்சளாகி, சிலந்தி வலையாக வெடிப்பு ஓடும். தவறியும் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக்கூடாது. பி-29 போன்ற உலோக விமானங்களிலும் வால் சுக்கானும் மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகைகளும் துணியால் போர்த்தியவை, அந்தத் துணி நைந்து போகும். காற்று வேகம் அளக்கும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். எலி வயர் தின்னும்.

விமானி அறைக்குள் கை வைக்கும்முன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். இருட்டில் ஒளிர வேண்டும் என்பதற்காக அந்தக் காலத்து முகப்பு மானிகளின் இலக்கங்களுக்கு ரேடியம் கலந்த பூச்சு பூசினார்கள். பூச்சு ஒளிர்வதை எப்போதோ நிறுத்திவிட்டது, ரேடியம் நிறுத்தவில்லை. அதன் அரைவாழ்வு 1,600 வருடம். மானியின் கண்ணாடி உடைந்து அந்தத் தூள் மூக்கில் போனால் கேடு. எனவே முறையான அருங்காட்சியகம் ஒவ்வொரு மானியையும் கதிர்வீச்சு அளக்கும் கருவியால் சோதித்துக் குறித்து வைக்கும். பழைய சாமான் கடையில் அப்படியொரு மானி அகப்பட்டால், வீட்டு அலுமாரியில் வைத்து அழகு பார்க்காதீர்கள்.

கடலிலிருந்து எடுத்த விமானத்துக்கு வேறு வைத்தியம். 1940 ஓகஸ்டில் சுட்டு வீழ்த்தப்பட்ட ஜேர்மன் டோனியர் 17 ஒன்றை 2013 ஜூன் மாதம் இங்கிலாந்துக் கடலடியிலிருந்து தூக்கினார்கள். அந்த வகையில் உலகத்தில் எஞ்சியிருப்பதாகத் தெரிந்தது அது ஒன்றுதான். எழுபது வருடம் உப்பு குடித்த அலுமினியத்தை அப்படியே காற்றில் உலரவிட்டால் கொஞ்சக் காலத்தில் பொடியாகும். எனவே பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் வைத்து, சிற்றிக் அமிலம் கலந்த தண்ணீரை மாதக்கணக்காகத் தெளித்தார்கள். சிற்றிக் அமிலம் என்றால் தேசிக்காய்ப் புளியில் இருக்கிற அதே அமிலம். உப்பைக் கழுவி, சிப்பிகளை இளக்கி, உலோகத்தைப் பெரிதாகத் தாக்காமல் விடும்.

இனி, திருத்துவதா, இருந்தபடி விடுவதா என்ற சண்டை. விமான ஆட்கள் சந்தித்தால் இதில்தான் கைகலப்பு வரும். லண்டன் ஹென்டனிலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் ஹலிபக்ஸ் என்ற குண்டுவீச்சு விமானம் ஒன்று இருக்கிறது. 1942இல் நோர்வேயின் உறைந்த ஏரியில் இறங்கி மூழ்கி, 1973இல் எடுத்தது. அதைப் புதுப்பிக்காமல், நெளிந்தும் கிழிந்தும் வந்தபடியே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் பளபளக்கிற லங்காஸ்டரை விட அதன் முன்னால்தான் ஆட்கள் கூட நேரம் நிற்பார்கள். பறக்கவிடுவது பற்றிக் கேட்டால், எஞ்சின் சத்தம் கேட்க எனக்கும் ஆசைதான். ஆனால் 2019 ஒக்ரோபரில் கனெற்றிக்கட்டில் ஒரு பி-17 விழுந்து ஏழு பேர் செத்தார்கள். 2022 நவம்பரில் டலஸ் வான்காட்சியில் இன்னொரு பி-17உடன் சண்டை விமானம் மோதி ஆறு பேர் செத்தார்கள். பறக்கிற நிலையில் வைக்க வேண்டுமென்றால் பாதுகாப்புக்காகப் பழைய பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றியே ஆகவேண்டும். கடைசியில் பறப்பது பழைய விமானத்தின் பெயர்தான். ஏராளமாக மிஞ்சிய வகையென்றால் ஒன்றிரண்டு பறக்கட்டும், ஒற்றையாய் மிஞ்சியது தரையில் நிற்கட்டும் என்பேன்.

இரண்டாவது கேள்வி: ஏன் சிரிக்கிறார்கள்?

மாமா சிரிப்பது காமராவைப் பார்த்து. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளை கேட்பது அதையல்ல என்று எனக்கு விளங்குகிறது. அந்த விமானத்தின் கீழே நின்றவர்கள் படத்தில் எங்கே என்று கேட்கிறாள். இந்தக் கேள்வியால் அமெரிக்காவில் ஒரு அருங்காட்சியகப் பணிப்பாளரின் வேலையே போனது.

1995இல், போர் முடிந்து ஐம்பதாவது வருடத்தில், எனோலா கேயை வைத்து ஒரு பெரிய காட்சி நடத்த ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகம் திட்டம் போட்டது. விமானத்தோடு, குண்டு விழுந்த இடத்தில் கிடந்த பொருட்களையும் வைக்க நினைத்தார்கள். அவற்றில் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தியின் கருகிய சாப்பாட்டுப் பெட்டி. சோறும் பட்டாணியும் கரியாகிப்போய் உள்ளேயே இருந்தன. பழைய படைவீரர் சங்கங்கள் கொதித்தெழுந்தன. எங்கள் பொடியள் உயிர் பிழைத்ததே அந்தக் குண்டால்தான், இது எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது என்றார்கள். 81 காங்கிரஸ் உறுப்பினர்கள் பணிப்பாளர் மார்ட்டின் ஹார்விற் விலக வேண்டும் என்று எழுதினார்கள். ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது, மே மாதத்தில் ஹார்விற் பதவி விலகினார். கடைசியில் விமானத்தின் முன்பாகத்தையும் வேறு சில பாகங்களையும் மட்டும், திருத்த வேலை பற்றிய விளக்கத்தோடு வைத்தார்கள். சாப்பாட்டுப் பெட்டி வரவில்லை.

முழு விமானத்தையும் 2003 டிசெம்பரில் வேர்ஜினியாவிலுள்ள புதிய மண்டபத்தில் நிறுத்தினார்கள். தரையிலிருந்து எட்டடி உயரத்தில் தாங்கிகளின் மேல் நிற்கிறது. யாரும் தொட முடியாது. திறந்த அன்றைக்கே எதிர்ப்பாளர் ஒருவர் சிவப்புச் சாயப் போத்தலை எறிந்து தகட்டில் பள்ளம் விழுத்தினார். பலகையில் இறக்கை நீளமும் எஞ்சின் விபரமும் குண்டு போட்ட திகதியும் இருந்தன. ஹிரோஷிமாவில் அந்த வருட முடிவுக்குள் செத்தவர்கள் சுமார் 1,40,000 பேர் என்பது இல்லை. அதைச் சேருங்கள் என்று கேட்டவர்களுக்கு, எந்த விமானத்துக்கும் நாங்கள் அப்படி எழுதுவதில்லை என்று பதில் வந்தது. ஒரு விதத்தில் நேர்மையான பதில்தான். அந்த வழக்கமே பிழை என்பது என் அபிப்பிராயம்.

பறந்தவர்களின் பக்கத்தையும் ரீச்சர் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் மட்டும் 55,573 விமானக் குழுவினர் செத்தார்கள். பெரும்பாலும் இருபது, இருபத்திரண்டு வயது. ஒரு லங்காஸ்டருக்கு ஏழு பேர், அடிபட்டால் வெளியே வருவது அபூர்வம். இங்கிலாந்தின் டக்ஸ்போர்டில், அமெரிக்க விமான அருங்காட்சியகத்துக்குப் போகும் வழியில் கண்ணாடிப் பலகைகள் வரிசையாக நிற்கும். பிரித்தானியாவிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வராத 7,031 அமெரிக்க விமானங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு விமான உருவம் அவற்றில் செதுக்கப்பட்டிருக்கிறது. எண்ணிக்கொண்டு நடந்தால் நடை தானாகவே தளர்ந்துவிடும். அங்கே வீடு வீடாக இழவு விழுந்திருக்கிறது. கிழவன்மார் லங்காஸ்டரைக் கண்டு கண்கலங்குவது குண்டை மெச்சி அல்ல.

நான் கண்டும் கேட்டும் அறிந்தவற்றில் கீழே நின்றவர்களைச் சரியாகக் காட்டிய இடம் ஜேர்மனியின் ட்ரெஸ்டன் இராணுவ அருங்காட்சியகம். 1945 பெப்ரவரிக் குண்டுவீச்சில் சுமார் 25,000 பேரைப் பறிகொடுத்த நகரம் அது. பழைய கட்டடத்தைப் பிளந்துகொண்டு கண்ணாடியும் உருக்குமாய் ஒரு கூர்ப்பாகம் நிற்கும், 2011இல் திறந்தது. அதன் உச்சித் தளத்தில் மூன்று நகரங்களின் தெருக்கற்கள் கிடக்கின்றன. ஒன்று ட்ரெஸ்டனுடையது. மற்ற இரண்டும் போலந்தின் வியேலூன், ஒல்லாந்தின் றொட்டர்டாம். அவை ஜேர்மன் விமானங்கள் முதலில் அடித்த நகரங்கள். தங்கள் இழவைச் சொல்லும் இடத்திலேயே தாங்கள் செய்ததையும் வைத்திருக்கிறார்கள். இதற்கு நெஞ்சுரம் வேண்டும். விமானமே இல்லாமல் விமானத்தின் கதையைச் சொல்ல மூன்று ஊர்க் கற்கள் போதுமாக இருக்கிறது.

இப்போது வன்னி. இங்கே பொம்மர் என்றால் படிப்பித்து வருகிற அறிவல்ல. போர்க்காலத்தில் தலைக்கு மேல் வந்தவற்றை கிபிர், புக்காரா, சகடை, வண்டு என்று சத்தத்திலேயே வகை பிரித்தவர்கள் நம்முடைய அம்மம்மாமார். எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓட வேண்டும், எதற்கு மரத்தடி போதும் என்று அவர்களுக்குத் தெரியும். புக்காராவைப் பார்க்க வேண்டுமென்றால் இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஆனையிறவில் ஏ9 வீதியோரம் இரும்பு போர்த்திய புல்டோசர் மேடையில் நிற்கிறது. அடிக்கொரு தரம் பூச்சு பூசாவிட்டால் உப்பளக் காற்று அதை முடித்துவிடும். கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியையும் வேலி போட்டுப் பலகை வைத்துக் காட்டினார்கள். இவற்றின் பலகைகள் யாருடைய கதையைச் சொல்கின்றன என்பதை வாசித்தவர்கள் அறிவார்கள். வன்னியில் போர்ச் சாமான் காட்சிக்குப் பஞ்சமில்லை, பலகையில்தான் பஞ்சம்.

அதற்காக இரண்டாம் உலகப் போர் நமக்கு அந்நியமென்று நினைக்க வேண்டாம். இன்று வவுனியாவில் விமானப்படைத் தளமாக இருக்கும் ஓடுபாதை அந்தக் காலத்தது. 1943, 1944இல் பிரித்தானிய விமானப்படையின் 22ஆம், 217ஆம் ஸ்குவாட்ரன்களின் பியூஃபோர்ட் விமானங்கள் இங்கிருந்து பறந்தன. கப்பலுக்கு டோர்பிடோ போடும் இரட்டை எஞ்சின் குண்டுவீச்சு விமானங்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பேர். யப்பான் கடற்படை திரும்பவும் வந்தால் அடிக்கவென்று நிறுத்தியவை. வந்தது 1942 ஏப்ரலோடு சரி. அந்த ஏப்ரல் 9ஆம் திகதி கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய பிளெனிம் குண்டுவீச்சு விமானங்களில் ஒன்பது யப்பானியக் கப்பல்களைத் தாக்கின, ஐந்து திரும்பி வரவில்லை. காங்கேசன்துறையில் நான்கு எஞ்சின் லிபரேற்றர்களும் நின்றன.

பியூஃபோர்ட் இன்று உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஹென்டனில் இருப்பதும் கன்பரா போர் நினைவகத்தில் இருப்பதும் நியூகினிக் காட்டில் கைவிடப்பட்டவற்றிலிருந்து எடுத்துத் திருத்தியவை. லிபரேற்றரின் கதை இன்னும் சுவையானது. பிரித்தானியர் போகும்போது கான்பூரில் சேதப்படுத்திவிட்டுப் போனவற்றை, இந்தியாவின் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர் ஒன்றின் பாகத்தை மற்றதற்குப் போட்டு எழுப்பிவிட்டார்கள். 1968வரை பறந்தன. பிறகு இந்தியா கொடுத்த லிபரேற்றர்களில் ஒன்று இன்று ஹென்டனில், ஒன்று ஒட்டாவாவில். மேற்கு நாடுகள் உருக்கித் தீர்த்ததை நம்முடைய பக்கத்து மெக்கானிக்மார் காப்பாற்றிக் கொடுத்தார்கள். இந்தப் பெருமையை நான் சந்தர்ப்பம் கிடைத்த இடமெல்லாம் சொல்வேன்.

ஆகவே வவுனியாவில் ஒரு பியூஃபோர்ட் நிறுத்த வரலாற்றுக் காரணம் உண்டு. ஆனாலும் என் பதில், வேண்டாம். முதற்காரணம் காசு. மாரியில் இங்கே ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும். மண்டபமும் காற்றை உலர்த்தும் இயந்திரமும் அதற்கு நாள் முழுக்க மின்சாரமும் வேண்டும். திறப்பு விழாவுக்குக் காசு கொடுக்க ஆள் கிடைக்கும், பத்தாம் வருடச் சிலிக்காக் குறுணிக்குக் கிடைக்காது. மற்றக் காரணம், விமானம் எங்கே நின்றாலும் அதைக் காப்பாற்ற ஆட்கள் இருப்பார்கள். கீழே நின்றவர்களின் சாமானைக் காப்பாற்ற இந்த மண்ணைவிட்டால் வேறிடமில்லை. பங்கர் எப்படி வெட்டினார்கள், மேலே தென்னங்குற்றி எத்தனை அடுக்கினார்கள், சாக்குக்குப் பதிலாகச் சேலையில் மண் கட்டினார்களா, எந்தச் சத்தத்துக்கு என்ன செய்தார்கள். இவற்றைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயது போகிறது. இதைப் பதிந்து வைக்க மண்டபம் தேவையில்லை, ஒரு போனும் பொறுமையான பிள்ளையும் போதும். சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்தக்கூடாது, பெயர் போட வேண்டாமென்றால் போடக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. காட்சிக்கென்று பிள்ளைகளைச் சாமான் தேட அனுப்பிவிடாதீர்கள். காணியில் இரும்பு கண்டால் கிட்டப் போகாமல், அடையாளம் வைத்துக் கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ சொல்லச் சொல்லுங்கள். பழைய இரும்பென்று எடுத்துக் கை போனவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள்.

வகுப்புக்கு என்ன செய்யலாம் என்றால், இல்ல விளையாட்டுப் போட்டிக்குத் தடம் கீறும் சுண்ணாம்புத் தூள் பள்ளிக்கூடத்தில் மிச்சம் இருக்கும். மைதானத்தில் ஒரு லங்காஸ்டரைக் கீறச் சொல்லுங்கள்: இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 31.1 மீற்றர், மூக்கிலிருந்து வாலுக்கு 21.1. அதற்குள்ளேயே வவுனியாவில் நின்ற பியூஃபோர்ட்டையும் கீறலாம், 17.6க்கு 13.5. ஒன்றில் ஏழு பேரையும் மற்றதில் நான்கு பேரையும் அவரவர் இருந்த இடத்தில் இருத்திப் பார்த்தால் எவ்வளவு நெருக்கம் என்று விளங்கும். பிறகு ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு பலகை எழுதட்டும், அறுபது சொல்லுக்குள். ஒன்று விமானத்தைப் பற்றி, மற்றது வீட்டில் அம்மம்மா சொன்னதை வைத்து. அறுபது சொல் என்பது சும்மா சொன்னதல்ல, அதற்கு மேல் நீண்டால் நின்று வாசிக்கிறவர்கள் குறைவு. இரண்டாவது பலகைக்குத்தான் பிள்ளைகள் கனக்க வெட்டித் திருத்த வேண்டிவரும். மைதானத்தை மாரிக்கு முதல் கீறிவிடுங்கள். 50 மீற்றர் அளவு நாடா பள்ளிக்கூடத்தில் இல்லையென்றால் என்னிடம் இருக்கிறது, முல்லைத்தீவு பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.